ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு ஞானஸ்நானம்

பிரிந்த குடும்பத்தைச் சேர்த்துவைக்கிறேன் என்று கிளம்பும் மனிதனிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவன் கதை எழுதுகிறவனாகவும் இருந்துவிட்டால், வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போய்விடுவது உத்தமம். அனுபவத்தில் சொல்கிறேன். அந்த மனிதன் நான்தான்.

எழுபது வயதைத் தாண்டிவிட்டேன். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கண்புரை அறுவை எல்லாம் ஆகிவிட்டது. இனிமேல் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தஞ்சாவூரில் நான் செய்த காரியத்தை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் பாபநாசம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். எதை எதோடு கலக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதுதான் பிழைப்பு. ஆனால் மனசு முழுக்க மாத நாவல்களில் இருந்தது. பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்களே, அட்டையில் ஒரு பெண் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பாளே, அந்த நாவல்கள். பாபநாசத்தில் பஸ் ஏறினால் தஞ்சாவூர் போய்ச் சேருவதற்குள் ஒன்றை முடித்துவிடுவேன். (ஐயம்பேட்டையில் காதல், பசுபதிகோயிலில் பிரிவு, பழைய பஸ் ஸ்டாண்டில் கல்யாணம்.)

இத்தனை படித்தவனுக்கு ஒன்று எழுதத் தோன்றாதா? தோன்றியது. கதையைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. வீட்டிலேயே இருந்தது. என் தங்கை செலினின் கதை.

அந்த வருடங்களில் தஞ்சாவூரில் மழைக்குக் காளான் மாதிரி கம்ப்யூட்டர் சென்டர்கள் முளைத்தன. பட்டம் வாங்கிய பிள்ளைகள் எல்லாரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். உள்ளே ஏ.சி. தூசி போகக் கூடாது என்று செருப்பை வாசலில் கழற்றிவிட வேண்டும். பக்தியோடுதான் நுழைவார்கள். ஒரு மழை நாளில் செலின் வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது அவளுடைய செருப்பைக் காணோம். யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். கூடப் படித்த டேனியல் என்கிற பையன் தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு சேற்றில் நடந்து போனான். இரண்டு செலின் நுழையக்கூடிய அந்தச் செருப்பை இழுத்துக்கொண்டு அவள் வீடு வந்து சேர்ந்தபோது, முகத்தைப் பார்த்தே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. முதல் காதல் அப்படித்தான் வரும் போலிருக்கிறது, அளவு பொருந்தாமல்.

அளவு மட்டுமல்ல, கோயிலும் பொருந்தவில்லை. நாங்கள் கத்தோலிக்கர்கள். டேனியல் வீட்டார் லுத்தரன் சபை. வெளியில் இருப்பவர்களுக்கு, இரண்டு பேரும் வேதக்காரர்கள்தானே, இதில் என்ன தகராறு என்று தோன்றும். பங்காளிக்குள் வருகிற சண்டை அந்நியனோடு வருமா?

என் அப்பா மரியசூசை ஆறு ஏக்கர் நஞ்சைக்காரர். எங்கள் ஊர்க் கோயிலில் எந்தத் திருவிழாவானாலும் தேருக்கு முன்னால் நடக்கிறவர். அவர் சொன்னார்: "மாதா படம் இல்லாத வீட்டுக்குப் பொண்ணு குடுக்கச் சொல்றியா?"

டேனியலின் அப்பா ஆபிரகாம் சார் தஞ்சாவூரில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னாராம்: "சுரூபத்துக்கு மாலை போடுற வீட்டுல சம்பந்தம் பண்ணிட்டு நான் எப்படி சபையில தலை நிமிர்ந்து உக்கார்றது?"

இந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை. பார்க்காமலேயே நல்ல விரோதிகளாக இருந்தார்கள்.

கடைசியில் செலினும் டேனியலும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். "சாட்சிக் கையெழுத்துப் போட நீ வாண்ணே" என்று செலின் என்னைக் கூப்பிட்டாள். தேர்வு மேற்பார்வை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டேன். தேர்வு மறுநாள்தான் ஆரம்பம். காலியான வகுப்பறையில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். (இந்த இடத்தில் சிரிக்க ஒன்றுமில்லை. இருந்தாலும் சொல்லிவிட வேண்டும்.)

டேனியலுக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. இருவரும் போனார்கள். அப்பா மூன்று வருடம் மகளின் பெயரைச் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் செலின் எங்கள் ஊர் எஸ்.டி.டி. பூத்துக்குப் பேசுவாள், நான் போய்க் காத்திருப்பேன். திரும்பி வந்ததும் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "சிங்கப்பூர்ல மழையாமா?" என்று மட்டும் கேட்பார். வானிலை தவிர வேறு எதையும் அவர் கேட்டதில்லை. அவள் கர்ப்பமானதைக்கூட, "அங்க நல்ல மழையாம்ப்பா, வாந்திதான் நிக்கலையாம்" என்று வானிலையோடு சேர்த்துத்தான் சொல்ல முடிந்தது. அன்றைக்கு அவர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் படித்தார்.

இதையெல்லாம் நாவலாக எழுதினேன். 'தண்ணீர் திறந்ததும் வருவேன்' என்று தலைப்பு. மேட்டூரில் தண்ணீர் திறந்ததும் வருகிறேன் என்று நாயகன் நாயகியிடம் சொல்லிவிட்டுப் போகிறான். (அந்த வருடங்களில் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது. கதை நீண்டுகொண்டே போக அது வசதியாக இருந்தது.) சென்னையில் ஒரு மாத நாவல் ஆசிரியருக்கு அனுப்பினேன். 'கதை நன்று. முடிவு சோகம். வாசகிகள் ஏற்க மாட்டார்கள். குடும்பம் ஒன்று சேர வேண்டும்' என்று பதில் வந்தது.

உடனே உட்கார்ந்து பத்தொன்பதாம் அத்தியாயத்தை மாற்றி எழுதினேன். நாயகியின் அண்ணன் இரண்டு தகப்பன்மார்களிடமும் தனித்தனியாகப் போகிறான். "உங்கள் பெயரைச் சொன்னதும் அவர் குலுங்கிக் குலுங்கி அழுதுவிட்டார்" என்று ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் சொல்கிறான். இருவரும் உருகிவிடுகிறார்கள். பேரக் குழந்தை கைமாறுகிறது. எழுதும்போது எனக்கே அழுகை வந்தது.

என் மனைவி லில்லி அதைப் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இவங்க ரெண்டு பேரும் நேர்ல பாத்துப் பேசிக்கிட்டா என்னாகும்?" என்றாள்.

"அதுக்குள்ளதான் நாவல் முடிஞ்சுடுதே" என்றேன்.

கையெழுத்துப் பிரதியைத் தபாலில் சேர்க்கும் முன்பே செலினிடமிருந்து போன் வந்தது. ஐந்து மாதக் குழந்தையோடு லீவுக்கு வருகிறார்கள். "அண்ணே, அவருக்கு அங்கேயே நிரந்தரமா இருக்க அனுமதி கிடைச்சாச்சு. இந்தத் தடவையும் அப்பா என் மூஞ்சியப் பாக்கலைன்னா, இனிமே நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். சத்தியமா வரமாட்டேன்" என்றாள். பிள்ளைக்கு இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லையாம். இரண்டு தாத்தாவும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறார்களாம்.

பூத்தை விட்டு வெளியே வந்தபோது முடிவு செய்துவிட்டேன். தேர்வு நாள் என்று பொய் சொல்லி ஒளிந்துகொண்டவன், இந்த முறை ஒளியப்போவதில்லை. குடும்பத்தைச் சேர்த்தே தீருவேன். வழி? அதுதான் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் தெளிவாக எழுதியிருக்கிறதே!

முதலில் அப்பா. சம்பா நாற்றங்காலில் மடையைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, செலின் லீவுக்கு வர்றா."

"மழ நாள்ல வர்றாளே" என்றார், வானிலையை விடாமல்.

"பிள்ளைக்கு ஞானஸ்நானம் நம்ம கோயில்லதான்."

மண்வெட்டி நின்றது. "அந்த வாத்தியாரு ஒத்துக்கிட்டாரா?"

நான் இன்னும் வாத்தியாரைப் பார்க்கவே இல்லை. "என்னப்பா இப்படிக் கேக்குறீங்க? உங்க பேரைச் சொன்னதும் அழுதுட்டார்."

"அழுதாரா?"

"குலுங்கிக் குலுங்கி."

அப்பா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "எட்மாஸ்டரா இருந்த மனுசன். அவரே அழுதாருன்னா, நாமதான் ரொம்ப முறுக்கிக்கிட்டோமோ என்னமோ." மண்வெட்டியில் ஒட்டிய சேற்றைப் புல்லில் தேய்த்தார். "பிள்ளைக்கு எம் பேரு வைப்பாங்களா?"

"வேற யார் பேரு?" என்றேன்.

மறுநாள் தஞ்சாவூர். ஆபிரகாம் சார் என்னை நாற்காலியின் நுனியில் உட்கார வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பாடம் படிக்காமல் வந்த பையனைப் பார்க்கிற பார்வை.

"உங்க அப்பா சொல்லி அனுப்பினாரா தம்பி?"

"ஆமாம் சார். ஞானஸ்நானத்தை உங்க சபையிலேயே வச்சுக்கச் சொல்லிட்டார்."

"யாரு? மரியசூசையா?"

"உங்க பேரைச் சொன்னதும் அழுதுட்டார் சார்."

"அழுதாரா?"

"குலுங்கிக் குலுங்கி."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரொம்பக் கடுமையான ஆளுன்னு சொன்னாங்களே. பாவம். ஒரு விவசாயி, இவ்வளவு மனசு கரைஞ்சு பேசியிருக்கார்." காப்பி வந்தது. "பிள்ளைக்குப் பேரு..."

"ஆபிரகாம்தான் சார்."

ஒரு பொய் இரண்டாக வளர்ந்ததும் எனக்குத் தைரியமும் வளர்ந்துவிட்டது. ஞாயிறு காலை தஞ்சாவூர் லுத்தரன் கோயிலில் ஆராதனையின்போது முதல் ஞானஸ்நானம். சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் ஊர்க் கோயிலில் இரண்டாவது. இரண்டு தாத்தாவும் அவரவர் கோயிலில் பிள்ளையைக் கையில் வாங்கிவிட்டால் போதும், அதற்கப்புறம் யார் எதைக் கேட்கப் போகிறார்கள்? ஒரு தடவை ஞானஸ்நானம் பெற்றவருக்கு மறுபடி கொடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. கோயிலில் பிள்ளைகளுக்கு நடத்தும் ஞானோபதேச வகுப்பில் முதல் பரிசு வாங்கியவன் நான். எங்கள் பங்குச் சாமியார், "பிள்ளைக்கு ஏற்கெனவே வேற எங்கயும் ஞானஸ்நானம் ஆகலையே?" என்று கேட்டார். "இல்ல சாமி" என்றேன். சொன்ன நேரத்தில் அது சுத்தமான உண்மை.

செலினும் டேனியலும் வந்து ஆபிரகாம் சார் வீட்டில் இறங்கினார்கள். "காலையில இங்க கோயில்ல ஞானஸ்நானம். சாயங்காலம் அப்பா வீடு. மத்ததை எங்கிட்ட விடு" என்று செலினிடம் சொன்னேன்.

"அப்பா நிஜமாவே ஒத்துக்கிட்டாரா அண்ணே?"

"நான் எதுக்கு இருக்கேன்?"

"எனக்கு என்னமோ பயமா இருக்கு மச்சான்" என்றான் டேனியல். கம்ப்யூட்டர் படித்தவன். எங்கோ தப்பு இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

லில்லிக்கு மட்டும் முழு விவரமும் தெரியும். முதல் நாள் மாவாட்டிக்கொண்டே, "இது சரியா வராதுங்க" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிறு காலை நானும் லில்லியும் முதல் பஸ்ஸிலேயே தஞ்சாவூர் போய்விட்டோம். நாங்கள் கிளம்பிய பிறகு ஊரில் என்ன நடந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது. அப்பா எழுந்து குளித்துவிட்டு யோசித்திருக்கிறார். மூன்று வருடம் கழித்து மகள் கைக்குழந்தையோடு வருகிறாள். அதுவும் தலைப்பிள்ளை. அவளாக டவுன் பஸ் ஏறி வந்து நிற்பதா? தாயையும் பிள்ளையையும் சீரோடு போய் அழைத்து வருவதுதானே முறை? சம்பந்தி அவ்வளவு அழுதிருக்கிறார், நாம் ஒரு எட்டு போகக் கூடாதா? பட்டு வேட்டியை எடுத்துக் கட்டினார். ஒரு வேன் பிடித்தார். தெருப் பெண்களைத் தாம்பாளங்களோடு ஏற்றினார். வாழைப்பழத் தார், தேங்காய், வெள்ளிக் கொலுசு, ஜரிகைச் சட்டை, தொட்டில். அதோடு நிற்கவில்லை. திருவிழாவுக்கு வாசிக்கும் பேண்டு செட்டையும் கூப்பிட்டுக்கொண்டார்.

ஆபிரகாம் சார் வீடு பூட்டியிருந்தது. "எல்லாரும் கோயிலுக்குப் போயிருக்காங்க" என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போவார்கள்தானே என்று அப்பா நினைத்தார். நேரே கோயில் வாசலில் வேனை நிறுத்தி, சம்பந்திக்கு மரியாதை செய்வதற்காக, "வாசிங்கப்பா" என்றார்.

உள்ளே, போதகர் ஐயா குழந்தையைக் கையில் ஏந்தியிருந்தார். தொட்டியில் தண்ணீர் தயார். சபை எழுந்து நிற்கிறது. "பிள்ளைக்கு என்ன பேர் வைக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஆபிரகாம் சார் பெருமையோடு தொண்டையைச் செருமினார்.

அந்த அமைதியில், வாசலில், கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் பெரிய மேளமும் சேர்ந்து மாதா பாட்டு ஒன்றைப் பிளந்து கட்டின.

லுத்தரன் கோயில் வாசலில் மாதா பாட்டு! முன்வரிசையில் ஒரு பெரியவர் மூச்சுத் திணறிப்போனார். குழந்தை வீறிட்டது. போதகர் ஐயா கையில் பிள்ளையோடு, "யாரு வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்டார். எனக்கு மட்டும் அது யாருடைய பேண்டு என்று தெரிந்துவிட்டது. அந்த மேளக்காரர் பெரிய மேளத்தை எப்போதும் அரைத் தட்டு முந்தித்தான் அடிப்பார். பெஞ்சுக்குக் கீழே குனிந்து தொலைந்துபோன எதையோ தேடினேன்.

அப்பா சிரித்த முகத்தோடு, கையில் வெற்றிலைத் தட்டோடு உள்ளே வந்தார். பாதி வழியில் பேரனைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். போதகர் கையைப் பார்த்தார்.

"நிறுத்துங்க!"

பேண்டு செட்டுக்காரர்கள் தங்களைச் சொல்லவில்லை என்று நினைத்து வாசிப்பைத் தொடர்ந்தார்கள்.

"அந்தத் தலைக்கு சாயங்காலம் நாலு மணிக்கு எங்க கோயில்ல தண்ணி ஊத்தணும்! இங்க என்ன பண்றீங்க?"

ஆபிரகாம் சார் வேகமாக முன்னால் வந்தார். "ஆராதனை நடக்குது, என்ன கூச்சல்? யாருங்க நீங்க?"

"நீங்க யாரு?"

"பிள்ளையோட தாத்தா!"

"தாத்தா நானு!"

"தாத்தா நான்தான்யா!"

இரண்டும் உண்மை. இருநூறு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

போதகர் ஐயா அனுபவசாலி. குழந்தையைச் செலினிடம் கொடுத்துவிட்டு, சபையை ஒரு நீளமான பாட்டுப் பாடச் சொல்லிவிட்டு, இரண்டு தாத்தாக்களையும் வெஸ்ட்ரி என்கிற பக்க அறைக்கு அழைத்துப் போனார். நான் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தேன். லில்லி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். "அங்க இல்லைங்க. இந்தப் பக்கம்" என்று வெஸ்ட்ரிக்குள் தள்ளிவிட்டாள்.

வெளியே சபை பாட ஆரம்பித்தது. சும்மா நிற்பானேன் என்று எங்கள் ஊர் கிளாரினெட்காரர் அந்த மெட்டையும் பிடித்துக்கொண்டார். லுத்தரன் கீதத்துக்குக் கத்தோலிக்க மேளம். அவ்வளவு நன்றாக அந்தச் சபை அதற்கு முன்னால் பாடியதில்லை என்று பிற்பாடு சொன்னார்கள்.

அறைக்குள் நடந்தது வேறு.

"நீங்க முழு மனசோட சம்மதிச்சதா உங்க பையன் வந்து சொன்னாரே!" என்றார் ஆபிரகாம் சார்.

"நானா? நீங்கதான் விட்டுக்கொடுத்தீங்கன்னு சொன்னான்!"

"நான் எதுக்கு விட்டுக்கொடுக்கணும்? என் பேரைக் கேட்டதும் நீங்கதான் அழுதீங்களாமே!"

"யாரு அழுதா? உங்க பேரைக் கேட்டு நான் எதுக்கு அழுவணும்? நீங்கதான் குலுங்கிக் குலுங்கி அழுதீங்களாம்!"

ஆபிரகாம் சார் கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம். என்ன சொன்னீங்க? குலுங்கிக் குலுங்கியா?"

"ஆமா."

"எங்கிட்டயும் குலுங்கிக் குலுங்கின்னுதான் சொன்னார்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள்.

வாசற்படியில் நின்ற லில்லி, "அது இவங்க நாவல்ல பத்தொம்பதாவது அத்தியாயம் மாமா" என்று அப்பாவிடம் சொன்னாள்.

"எழுந்து நில்லு" என்றார் ஆபிரகாம் சார். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. நாற்பது வயது, அறுபது பிள்ளைகளை மிரட்டுகிற ஆசிரியர், எழுந்து கைகட்டி நின்றேன்.

அப்பா வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்தார். "பிள்ளைக்கு எம் பேரு வைக்கிறதா சொன்னானே, உங்ககிட்ட என்ன சொன்னான் சம்பந்தி?"

கோபத்தில் வந்த வார்த்தை. தான் சொன்னதை அப்பாவே கவனிக்கவில்லை. ஆபிரகாம் சார் கவனித்தார். குரலை இறக்கி, "என் பேருன்னு சொன்னார் சம்பந்தி" என்றார்.

"இவன ரெண்டு சாத்து சாத்தலாமா?"

"கோயில்ல வேணாம் சம்பந்தி. வெளிய போய்ப் பாத்துக்கலாம்."

மூன்று வருட விரோதிகள் ஒரு விஷயத்தில் முழுதாக ஒத்துப்போனார்கள். அந்த விஷயம் நான்.

அப்போதுதான் செலின் உள்ளே வந்தாள். தோளில் குழந்தை, அழுது ஓய்ந்து அவள் கழுத்தில் முகம் புதைத்திருந்தது. பின்னால் டேனியல். அப்பா அவளைப் பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மீசையில் தங்கியது. துடைத்துக்கொள்ளத் தோன்றாமல் நின்றார். குலுங்கவெல்லாம் இல்லை. என் நாவலில் அழுகையை எவ்வளவு தப்பாக எழுதியிருக்கிறேன் என்று எனக்கு அந்த நிமிடம் தெரிந்தது. ஆபிரகாம் சார் தன் கைக்குட்டையை எடுத்து அப்பா கையில் வைத்தார்.

"வாம்மா" என்றார் அப்பா.

செலின் அழவில்லை. அவள் எங்கள் எல்லாரையும்விட உறுதியானவள். "ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. எம் பிள்ளைக்கு இன்னைக்கு எங்கயும் ஞானஸ்நானம் கிடையாது. மூணு வருசமா ஒரு பஸ் தூரத்துல இருந்துக்கிட்டு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல. உங்களுக்குப் பேரன் வேணுமா, கோயில் வேணுமா? நாங்க சிங்கப்பூர்லயே வச்சுக்குறோம். ரெண்டு தாத்தாவும் வரணும். சேர்ந்து வரணும். தனித்தனியா வந்தா கதவத் தெறக்க மாட்டேன்."

"வர்றோம்மா" என்றார் ஆபிரகாம் சார்.

"சம்பந்தி சொன்னா சரிதான்" என்றார் அப்பா.

நானும் ஏதோ சொல்லப் போனேன். செலின் என்னைப் பார்த்தாள். "நீ வராத. நீ எதுவும் பண்ணாத. எங்கூடப் பேசாத."

அன்றைக்கு மத்தியானம் சீர்த்தட்டுகள் ஆபிரகாம் சார் வீட்டில் இறங்கின. எங்கள் தெருப் பெண்களும் அவர்கள் சபைப் பெண்களும் சேர்ந்து சமைத்தார்கள். அப்பா பேரனை மடியில் வைத்துக்கொண்டு இறக்கவே இல்லை. இதையெல்லாம் லில்லி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அங்கே இல்லை. நாலு மணிக்குக் காத்திருக்கும் பங்குச் சாமியாரிடம் யாராவது போய்ச் சொல்ல வேண்டுமே! தனியாகப் பஸ் ஏறி ஊருக்குப் போய், நேராக, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முட்டி போட்டேன். பாதி சொல்லும்போதே வலைக்கு அந்தப் பக்கம் சாமியார் சிரிப்பை அடக்குவது கேட்டது. "மறுபடி ஞானோபதேச வகுப்புக்கு வா. சின்னப் பிள்ளைங்களோட உக்காரு" என்பதுதான் எனக்குக் கிடைத்த அபராதம். உட்கார்ந்தேன். இந்த முறை பரிசு கிடைக்கவில்லை.

நாவலின் கடைசி அத்தியாயத்தை, நடந்தது நடந்தபடியே மாற்றி எழுதி அனுப்பினேன். 'நம்பும்படியாக இல்லை' என்று திரும்பி வந்துவிட்டது. அதோடு எழுதுவதை விட்டேன்.

இரண்டு கிழவர்களும் சேர்ந்தே பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டார்கள். சேர்ந்தே போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரே மாதிரி இரண்டு பெட்டி வாங்கினார்கள். தஞ்சாவூர் ஸ்டேஷனில் நான்தான் ரயிலேற்றிவிட்டேன். "ஜன்னல் சீட்டு நீங்க உக்காருங்க சம்பந்தி", "இல்ல, நீங்க உக்காருங்க" என்று வண்டி நகரும் வரை சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூரில் ஞானஸ்நானம் நடந்தது. பிள்ளைக்கு மரியசூசையும் இல்லை, ஆபிரகாமும் இல்லை. ஜோயல் என்று பேர் வைத்தார்கள். ஆக, குடும்பம் ஒன்று சேர்ந்துவிட்டது, என்னைத் தவிர.

செலின் என்னோடு பேச இரண்டு வருடம் ஆயிற்று. ஒருநாள் நானே போன் போட்டேன். கதை கட்டாமல், ஒரே மூச்சில் சொன்னேன்: "அன்னைக்கு எக்ஸாம் டியூட்டி எதுவும் இல்ல செலின். பயந்துக்கிட்டுத்தான் நான் கையெழுத்துப் போட வரல."

"தெரியும்ணே" என்றாள். "எக்ஸாம் என்னைக்குன்னு எனக்குத் தெரியாதா?" அப்புறம், "அண்ணி எப்படி இருக்காங்க?" என்றாள்.

அப்பாவும் ஆபிரகாம் சாரும் காலமாகி வருடங்கள் ஆயிற்று. கடைசிவரை சம்பந்திகளாக, ஒருவர் வீட்டு விருந்தை இன்னொருவர் குறை சொல்லிக்கொண்டு, சந்தோஷமாக இருந்தார்கள். சிங்கப்பூரில் எந்தக் கோயிலில், யார் முறைப்படி ஞானஸ்நானம் நடந்தது என்று எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தேன். அப்பா, "உனக்கு எதுக்கு? எழுதறதுக்கா?" என்பார். ஆபிரகாம் சார், "சம்பந்தியக் கேளு" என்பார். செலின் சிரிப்பாள். குடும்பத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த அந்த விஷயம் எனக்கு மட்டும் இன்றுவரை தெரியாது.

போன மாதம் ஜோயல் வந்திருந்தான். வேலை ஆஸ்திரேலியாவில், ஒரு பெண்ணை விரும்புகிறான், சீர்காழிப் பக்கத்துக் குடும்பமாம். "அவங்க வீட்டுல யாரு போய்ப் பேசறது?" என்று கேட்டுக்கொண்டே நான் சட்டையை எடுக்கப் போனேன். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில், "நீங்க உக்காருங்க!" என்றார்கள்.

பேசி முடித்துவிட்டார்கள். வைகாசியில் கல்யாணம். "எந்தக் கோயில்டா?" என்று ஜோயலைக் கேட்டேன்.

"அன்னைக்குக் காலையில வீட்டுக்குக் கார் வரும் மாமா. ஏறி உக்காந்துக்குங்க. எங்கேன்னு இறங்கினப்புறம் தெரிஞ்சுக்கலாம்" என்றான்.

லில்லிக்குத் தெரியும். நானும் தினம் கேட்டுப் பார்க்கிறேன். "நல்ல சட்டையா எடுத்து வைங்க, அது போதும்" என்கிறாள்.